எலிகள் ஏன் சீக்கிரம் விழித்துக்கொண்டன?

கே: எலிகளுக்கு இரண்டு வாரம் டி.டி.டி. கொடுத்தேன். ரத்தத்தில் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்ற ஈரல் நொதிகள் ஏறவில்லை. ஈரல் நொதிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதிவிடலாமா?

ப: கூடாது. நீங்கள் அளந்தது அடிபட்ட செல்லிலிருந்து ரத்தத்தில் கசியும் நொதி. மருந்தையும் ஹார்மோனையும் சிதைக்கும் சைட்டோகுரோம் பி-450 என்ற ஈரல் நொதிக் குடும்பம் வேறு சங்கதி. செல்லுக்கு ஒரு கீறல் விழாமலே அது பல மடங்கு பெருகும். ஈரலை அரைத்து, அந்த நொதி ஒட்டியிருக்கும் சவ்வுத் துணுக்குகளை (மைக்ரோசோம்) பிரித்து அளந்த பிறகு எழுதுங்கள். எந்த டி.டி.டி. என்றும் சொல்லவில்லை. தொழில்தரச் சரக்கில் ஏறக்குறைய 15% ஓ,பி-வடிவம் (குளோரின் அணு இடம் மாறி உட்கார்ந்த டி.டி.டி.); எலியின் கருப்பையில் அது தானே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் வேலையைப் பார்க்கும். புட்டியின் லேபிளைப் படிக்கச் சொல்லி அலுத்துவிட்டது.

கே: ஃபீனோபார்பிட்டல் என்ற வலிப்பு மருந்து கொடுத்த எலியின் ஈரல் பெருத்துவிட்டது. நோயா?

ப: பெரும்பாலும் இல்லை. செல்லுக்குள் பி-450 குடியிருக்கும் சவ்வான வழவழப்பான எண்டோபிளாச வலை பெருகியிருக்கும். மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் வடியும்.

கே: ஒரே அளவு ஹெக்சோபார்பிட்டல் என்ற தூக்க மருந்துக்குப் பெண் எலிகள் மட்டும் நெடுநேரம் தூங்குகின்றன. அளவில் பிழையா?

ப: வளர்ந்த ஆண் எலியின் ஈரல் அதை வேகமாகச் சிதைக்கும், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே குழுவில் போட்டதுதான் பிழை.

கே: கருத்தடை மாத்திரையிலுள்ள மெஸ்ட்ரனால் என்ற ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்தும் இளம் எலிகளின் கருப்பை எடை சரியாக ஏறவில்லை. மருந்து கெட்டுவிட்டதா? கரப்பானுக்கு மருந்து அடித்ததைத் தவிர விலங்குக்கூடத்தில் எந்த மாற்றமும் இல்லை.

ப: அந்தத் 'தவிர'தான் விடை! 1960களின் தொடக்கத்தில் ஹார்ட், ஃபவுட்ஸ் என்ற ஆய்வாளர்களின் ஆய்வகத்தில் எலிகள் மயக்க மருந்திலிருந்து திடீரென்று சீக்கிரம் விழிக்கத் தொடங்கின. துருவிப் பார்த்தால், கூடத்தில் குளோர்டேன் என்ற பூச்சிக்கொல்லி தெளித்திருந்தார்கள். அது ஈரல் நொதிகளைத் தூண்டிவிட, மயக்க மருந்து சீக்கிரம் சிதைந்துபோயிற்று. 1963இல் அதை அச்சிலும் ஏற்றினார்கள். ஃபீனோபார்பிட்டலை முன்கூட்டியே கொடுத்த எலிகளில் மாத்திரை ஹார்மோன்களின் கருப்பை விளைவு குறைவதை லெவின், வெல்ச், கானி மூவரும் 1968இல் காட்டினார்கள். மருந்து கெடவில்லை; கருப்பைக்குப் போய்ச் சேருமுன் ஈரல் அதைத் தின்றுவிடுகிறது.

அறுபது வருடத்துப் பாடம், இன்னும் ஏறவில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் சனிக்கிழமை மாலை ஆள் வந்து கூண்டு அடுக்குகளுக்குக் கீழே பம்பு அடித்துவிட்டுப் போவார். பதிவேட்டில் ஒரு வரி கிடையாது. ஒன்றரை மணி நேரம் தூங்கவேண்டிய எலி அரை மணியில் மீசையைத் துடைத்துக்கொண்டு உட்காரும். நாங்கள் மருந்துக் கம்பெனியைத் திட்டுவோம். இப்போது அடிப்பது பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி, பயமில்லை என்பார்கள். அந்த வகையைச் சேர்ந்த பெர்மெத்ரினும் எலியின் பி-450ஐத் தூண்டும். கூண்டில் செந்தேவதாரு மரச் சீவல் பரப்பினாலும் இதே கதைதான். உமி போடுங்கள், அதுவும் மருந்து அடிக்காத மூட்டையிலிருந்து. தெளித்த நாள், தெளித்த மருந்து இரண்டையும் எழுதி வையுங்கள். குளோர்டேன் போன்றவை கொழுப்பில் தங்கும், அடுத்த வாரமே போய்விடாது. இந்தத் தொகுதியை ஒதுக்கிவிட்டுப் புது எலிகளோடு தொடங்குங்கள்.

கே: ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து எடுக்கும் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை பலிக்காமல் போவதை எலியில் காட்ட முடியுமா?

ப: சாதாரண எலியில் சிரமம். மருந்தை உணர்ந்து பி-450ஐப் பெருக்கச் சொல்வது பி.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பி; எலியின் ஏற்பி ரிஃபாம்பிசினைச் சட்டை செய்வதில்லை; பி.சி.என். என்ற செயற்கை ஸ்டீராய்டு கொடுத்தால்தான் அசையும். மனித ஏற்பி நேர்மாறு.