ராஜினாமாவுக்கு முன் இரண்டு நாள் கேட்டுப் பாருங்கள்

ஐந்து நாளும் அலுவலகம் வரச் சொல்கிறார்கள், ராஜினாமா செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். முழுக்க வீட்டிலிருந்துதான் வேலை என்று மல்லுக்கு நின்றால் மேலாளர் முறுக்கிக்கொள்வார்; வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீட்டிலிருந்து வேலை செய்யக் கேளுங்கள். சீனாவின் டிரிப்.காம் பயண நிறுவனத்தில் 1,612 ஊழியர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2024இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வந்தது. இரண்டு நாள் சலுகை பெற்றவர்களிடையே ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலைத்திறனும் பதவி உயர்வும் பாதிக்கப்படவில்லை. முதலில் சந்தேகப்பட்ட மேலாளர்களும் பிறகு மனம் மாறினார்கள்.

பயணக் களைப்பைச் சொல்லிப் புலம்பாதீர்கள், அது யார் காதிலும் ஏறாது. எந்த வேலையை வீட்டிலிருந்து முடிப்பீர்கள், கூட்டங்களுக்கு எந்த நாளில் நேரில் வருவீர்கள் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். மூன்று மாதச் சோதனை என்று கேட்டால் மறுப்பது மேலாளருக்கும் கடினம். நியமனக் கடிதத்தில் பணியிடம் எது என்று போட்டிருக்கிறார்கள் என்பதையும் பார்த்துவிடுங்கள்.