படம் பார்க்கப் போகாதீர்கள், தியேட்டர் பார்க்கப் போங்கள்

(வேலூரில் முப்பது வருடம் ப்ரொஜெக்டர் ஓட்டிய ஆபரேட்டர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: நான் ரிட்டயர்டு டீச்சர். தை மாதம் குடும்பத்தோடு டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் டூர் போகிறோம். ஜெய்ப்பூரில் ஒரு சாயங்காலம் ராஜ் மந்திர் தியேட்டரில் படம் பார்த்தே ஆகவேண்டும் என்கிறாள் மருமகள். எனக்கு இந்தியில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. அவ்வளவு தூரம் போய் மூன்று மணி நேரம் இருட்டில் உட்கார வேண்டுமா?
– குடியாத்தம் வாசகி

பதில்: மருமகள் பேச்சைக் கேளுங்கள் டீச்சரம்மா. நானும் உங்களை மாதிரிதான் முறைத்துக்கொண்டு போனேன். நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு பிள்ளை பட்டாளத்தில் இருப்பான் இல்லையா, என் பையனுக்கு அப்போது ஜெய்ப்பூரில் போஸ்டிங். "அப்பா, ஆயுசு முழுக்க தியேட்டரில் இருந்தீங்க, இதைப் பார்க்காமல் ஊருக்குப் போகக்கூடாது" என்று டிக்கெட் எடுத்துவிட்டான்.

பகவான் தாஸ் ரோட்டில் இருக்கிறது. வெளிப்பக்கம் இளஞ்சிவப்பு, பெரிய கேக்கில் க்ரீம் சுற்றினது மாதிரி வளைவு வளைவாக இருக்கும். 1966இல் அஸ்திவாரம் போட்டு, 1976 ஜூன் 1ஆம் தேதிதான் திறந்தார்கள். முதல் படம் தர்மேந்திரா நடித்த 'சரஸ்'. கட்டடத்தை வரைந்தவர் நாம்ஜோஷி என்கிற ஆர்க்கிடெக்ட். கட்டியபோது ஏறக்குறைய 1,300 இருக்கை. வகுப்புகளுக்கு வைத்திருக்கும் பெயரைக் கேளுங்கள்: முத்து, மாணிக்கம், மரகதம், வைரம். நம் ஊரில் அந்தக் காலத்தில் தரை, பெஞ்சு, சேர், சோபா. தரை டிக்கெட்டுக்கு மணலைக் குவித்து உட்கார்ந்தால் அதுவே சிம்மாசனம்.

நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். வழியில் மிட்டாய்க் கடையில் நின்றுவிட்டு, ஷோ ஆரம்பிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். அவசர அவசரமாக உள்ளே ஓடினோம். இடைவேளையில் வெளியே வந்து ஆற அமரப் பார்க்கலாம் என்றால், சமோசா கியூவிலேயே மணி அடித்துவிட்டது. அந்த தியேட்டரின் உயிரே லாபிதான்! தலைக்கு மேலே சரவிளக்கு, வளைந்து மேலே போகும் படிக்கட்டு, கால் புதைகிற கம்பளம். அதில் ஒன்றையும் சரியாகப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். மனசு கேட்கவில்லை. மறுநாள் அதே படத்துக்கு இன்னொரு டிக்கெட் எடுத்து, முக்கால் மணி நேரம் முன்னாலேயே போய் நின்றேன். "இது தியேட்டரா, கல்யாண மண்டபமா? பொண்ணு மாப்பிள்ளையைத்தான் காணோம்" என்றாள் என் வீட்டுக்காரி.

உள்ளே போனதும் திரையைப் பார்க்காதீர்கள், மேலே பாருங்கள். சுவரும் கூரையும் அலை அலையாக இருக்கும். அந்த மடிப்புகளுக்குப் பின்னால் பல்புகளை மறைத்து வைத்திருக்கிறார்கள். பல்பு கண்ணில் படாது, வெளிச்சத்தின் நிறம் மட்டும் மெதுவாக மாறிக்கொண்டே இருக்கும். ஏசிக் காற்றோடு செண்ட் வாசனையும் வரும். அப்புறம், பழக்க தோஷம், நான் பின்னால் திரும்பி ஆபரேட்டர் ரூம் ஓட்டையைத் தேடினேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஹீரோ வரும்போது அங்கேயும் விசில்தான். தூக்கம் வந்தால் தூங்குங்கள், குளுகுளுவென்று இருக்கும்.

கேள்வி: ஜெய்ப்பூர் போக வசதி இல்லை. நம்ம பக்கம் போய்ப் பார்க்கிற மாதிரி பழைய தியேட்டர் உண்டா?
– ஆரணி மாணவர்

பதில்: ஒரு நாளில் போய் வரலாம் என்றால் சென்னை. அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்துக்குள்ளே, தபால்தலை விற்கிற பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது. அதுதான் எலக்ட்ரிக் தியேட்டர். வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் 1913இல் நடத்திய மௌனப்படக் கொட்டகை. இன்றைக்கு ஸ்டாம்பு வாங்குகிற சாக்கில் உள்ளே போய்விட்டு வரலாம். அரண்மனை இல்லை, சின்னக் கட்டடம்தான். ஆனால் மௌனப் படம் என்றால் நம் ஊருக்கும் ஒரு சொந்தம் உண்டு. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசக வத'த்தை எடுத்த நடராஜ முதலியார் வேலூரில் பிறந்தவர். சென்னையில் மோட்டார் கார் வியாபாரம் செய்துகொண்டிருந்தவருக்குப் படமெடுக்கும் ஆசை வந்துவிட்டது. அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இப்போது இல்லை.

மதுரைத் தங்கம் தியேட்டர் என்று சொல்லவந்தேன். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்தது, இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் இருக்கை. அதை இடித்துவிட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், நிற்பதைச் சீக்கிரம் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அந்தக் காலப் படங்களில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு வந்து மறையுமே, அது என்ன?
– காட்பாடி வாசகர்

பதில்: ரீல் முடியப்போகிறது என்று ஆபரேட்டருக்குச் சொல்ல வைத்த பொட்டு அது. ஒரு படம் பல ரீலாக வரும். 2,000 அடி ரீல் ஒன்று ஓட 22 நிமிஷம். ஒன்று முடிந்ததும் அடுத்த ரீல் தடங்கலில்லாமல் ஓட, ரூமில் இரண்டு மெஷின் இருக்கும். முதல் பொட்டு வந்தால் அடுத்த மெஷினின் மோட்டாரைப் போடவேண்டும். ஏழெட்டு விநாடி கழித்து இரண்டாவது பொட்டு. அப்போது வெளிச்சத்தை இந்த மெஷினிலிருந்து அதற்கு மாற்றவேண்டும். இதற்கு நடுவே, மெஷினுக்கு வெளிச்சம் தரும் இரண்டு கார்பன் குச்சிகள் எரிந்து குறையக் குறைய அவற்றின் இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் திரை மஞ்சளடிக்கும்.

ஒருநாள் செகண்ட் ஷோவில் இரண்டாவது பொட்டைக் கோட்டைவிட்டேன். திரை வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. ஒரே விசில். தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல்: "ஆபரேட்டரே, டீ ஆறிடுச்சா?" டீக்கடைப் பையன் என் ரூம் படியேறியதை அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள்.