படிந்தே கிடக்கும் நீள முடி: என்ன செய்யலாம்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. நீளமான, நேரான, தலையோடு ஒட்டிக் கிடக்கும் முடி. அதோடு தினமும் மல்லுக்கட்டும் பதின்வயதுப் பிள்ளைகள். பக்கத்தில் சீப்பைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் பெற்றோர். அதனால் மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

என் மகளுக்கு 14 வயது. இடுப்பு வரை முடி இருக்கிறது. ஆனால் உச்சியில் தட்டையாக ஒட்டிக்கொள்கிறது. எப்படிச் சீவிவிட்டாலும் அரை மணி நேரத்தில் பழையபடி தொங்கிவிடுகிறது. கண்ணாடி முன்னால் நின்று அழுகிறாள். நான் எப்படி உதவுவது?

அவள் முடியில் எந்தக் குறையும் இல்லை. இதை முதலில் நீங்கள் நம்ப வேண்டும், அப்போதுதான் அவளும் நம்புவாள். நேரான முடி இழையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறக்குறைய வட்டமாக இருக்கும். சுருள் முடியில் அது தட்டையான நீள்வட்டமாக இருக்கும். வட்டமான இழை வளையாமல் நேரே கீழே விழும். பக்கத்து இழையோடு பின்னிக்கொண்டு நிற்காது, வழுக்கிக்கொண்டு போய்ப் படியும். இத்தோடு இடுப்பு வரையுள்ள நீளத்தின் எடையையும் வேர்தான் தாங்க வேண்டும். பிறகு உச்சி எப்படி எழும்பும்?

சரி, என்ன செய்யலாம்? முடியின் வடிவம் அது காயும் நேரத்தில்தான் முடிவாகிறது. முடிக்குள் இருக்கும் கெராட்டின் என்ற புரதத்தை ஹைட்ரஜன் பிணைப்புகள் இழுத்துப் பிடித்து வைத்திருக்கின்றன. தண்ணீர் பட்டால் அவை விட்டுப்போகும். காயும்போது முடி எந்த நிலையில் இருக்கிறதோ, அந்த நிலையிலேயே மறுபடி சேர்ந்துகொள்ளும். தலைக்குக் குளித்த கையோடு நடு வகிடு எடுத்து, படிய வாரி, அப்படியே காயவிட்டால் தட்டையாக இருக்கும்படி நாமே பழக்கிவிடுகிறோம்.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். கண்டிஷனரைக் காதுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும் போடுங்கள், உச்சந்தலைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். துண்டால் முறுக்கித் தேய்க்காமல் அமுக்கி அமுக்கி ஈரத்தை எடுங்கள். பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். ஈர முடி எளிதில் இழுபட்டு அறுந்துவிடும், அதனால் அவசரம் வேண்டாம். பிறகு அவளைத் தலையைக் குனியச் சொல்லுங்கள். டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மிதமான சூட்டில், விரல்களால் வேரைத் தூக்கித் தூக்கிக் காட்டுங்கள். முடி வழக்கமாக எந்தப் பக்கம் விழுமோ அதற்கு எதிர்ப்பக்கமாக வேரை இழுத்துக் காயவைப்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். வேர் முழுவதும் காய்ந்த பிறகு குளிர்ந்த காற்றில் ஒரு நிமிடம். அப்புறம் நிமிர்ந்து, தலை நன்றாக ஆறும் வரை கை வைக்கவே கூடாது. சூடாக இருக்கும்போது தொட்டால் அத்தனை வேலையும் வீண்.

டிரையர் இல்லையா? உச்சியில் இரண்டு மூன்று இடங்களில் வேரைச் சற்றுத் தூக்கி கிளிப் போட்டுக் காயவிடுங்கள். வகிட்டை மட்டும் ஓர் அங்குலம் தள்ளி எடுத்தாலே பாதி வித்தியாசம் தெரிந்துவிடும். பல ஆண்டுகளாக ஒரே பக்கம் விழுந்து பழகிய முடி, இடம் மாறியதும் நிமிர்ந்து நிற்கும்.

முடி வெட்ட அவள் சம்மதித்தால், நீளத்தைக் குறைக்காமல் நீளமான லேயர், அதாவது அடுக்கடுக்காக வெட்டுவது, கேளுங்கள். முதல் லேயர் தோள்பட்டை எலும்புக்குக் கீழே தொடங்கட்டும். மெல்லிய முடியில் அதிகமாக லேயர் வெட்டினால் நுனி இன்னும் சன்னமாகத் தெரியும், நுனி நேர்க்கோடாக இருந்தால்தான் அடர்த்தியாகத் தெரியும். அதனால் முடி எவ்வளவு அடர்த்தி என்று வெட்டுபவரையே தொட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. "எலிவால் மாதிரி இருக்கு" என்று வீட்டில் யாராவது விளையாட்டாகச் சொல்லியிருந்தால், அதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அந்த வார்த்தை அந்த வயதுப் பிள்ளையின் மனதில் ஆண்டுக்கணக்கில் தங்கும். என் முன்னால் வந்து உட்கார்ந்த பெரியவர்கள்கூட, சின்ன வயதில் கேட்ட அதே வார்த்தையைச் சொல்லி வருந்தியிருக்கிறார்கள்.

எனக்கு 13 வயது. பிறந்தநாள் விழாவுக்கு அலை அலையாக முடி வேண்டும். சூடான கருவி எதையும் தொடக்கூடாது என்கிறார் அம்மா. வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது. உன் முடிக்கு அம்மா சொல்வதுதான் நல்லதும்கூட. முந்தின நாள் மாலை தலைக்குக் குளித்து, முக்கால் பாகத்துக்கு மேல் காய்ந்து லேசாக ஈரம் இருக்கும்போது பின்னிக்கொள். சொட்டச் சொட்ட ஈரத்தோடு பின்னினால் காலைக்குள் காயாது, அவிழ்த்ததும் எல்லாம் நேராகிவிடும். நிறையப் பேர் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான்.

இரண்டு பின்னல் போட்டால் பெரிய, தளர்வான அலைகள் வரும். ஐந்தாறு பின்னல் போட்டால் நெருக்கமான அலைகள். அலை உச்சியிலிருந்தே வேண்டுமானால், நெற்றியிலிருந்து முடியைச் சேர்த்துச் சேர்த்துப் பின்னும் பிரெஞ்சுப் பின்னல் போட வேண்டும். நுனி மட்டும் குச்சியாக நீட்டிக்கொண்டு நிற்காமல் இருக்க, பின்னலின் கடைசியை மடித்து ஹேர் பேண்டுக்குள் செருகிவிடு.

பெரிய சுருள்தான் ஆசை என்றால், இரவு உடையின் துணிப் பெல்ட்டை உச்சித் தலையில் குறுக்கே வைத்து கிளிப்பால் பிடித்துக்கொள். இரண்டு பக்கமும் முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, முகத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பெல்ட்டின் மேல் சுற்றிக்கொண்டே போய் நுனியில் கட்டிவிடு. காலையில் உடை மாற்றி, எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியாக அவிழ். சீப்பைத் தொடாதே, விரல்களால் மட்டும் பிரி. முதல் தடவையே விழா நாளில் செய்யாமல் ஒரு வாரம் முன்னாடியே ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொள்.

காலையில் மகளுக்குத் தலைவாரிவிடுவது நான்தான். அப்பாவாக இருந்துகொண்டு கற்றுக்கொள்வது கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. கிளிப் வழுக்கி விழுகிறது, ஹேர்பின் நிற்பதில்லை, போனிடெயில் மதியத்துக்குள் கழுத்துக்கு இறங்கிவிடுகிறது. ஏதாவது வழி சொல்லுங்கள்.

உங்கள் கேள்வியைப் படித்து மகிழ்ந்தேன். நீங்கள் சொன்ன மூன்றுமே கைப்பழக்கத்தில் சரியாகிவிடும்.

ஹேர்பின்னில் ஒரு கால் நேராகவும் மற்றது நெளிநெளியாகவும் இருக்கும். நெளிந்த பக்கம் கீழே, தலையோடு ஒட்டி இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செருகுகிறார்கள். ஒரே பின்னில் கற்றை முடியை அடைக்காமல் கொஞ்சமாகப் பிடியுங்கள். இரண்டு பின்களை ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக, பெருக்கல் குறி போலப் போட்டால் அசையாது. செருகும் முன் பின்னின் மேல் லேசாக ஹேர் ஸ்ப்ரே அடித்துக் காயவிட்டால் பிடிமானம் கூடும். அன்றைக்குத்தான் குளித்த முடி மிகவும் வழுவழுப்பாக இருக்கும். அதனால் சிக்கலான அலங்காரங்களை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போனிடெயிலுக்கு ஒரு வழி சொல்கிறேன். காதுக்கு மேலே உள்ள முடியைத் தனியாக எடுத்து உயரத்தில் ஒன்று கட்டுங்கள். கீழ்ப்பாதியை அதற்கு நேர் கீழே, இரண்டு விரல் இடைவெளியில் இன்னொன்றாகக் கட்டுங்கள். மேலே உள்ளது கீழே உள்ளதை மூடிக்கொண்டு விழும், பார்ப்பவருக்கு ஒரே போனிடெயில்தான். எடை இரண்டு இடத்தில் பிரிந்துவிடுவதால் சரியாது, பார்க்கவும் அடர்த்தியாக இருக்கும். துணி சுற்றிய பேண்ட் போடுங்கள். வெறும் ரப்பர், கழற்றும்போது முடியையும் பிய்த்துக்கொண்டு வரும்.

பின்னல் மெல்லியதாகத் தெரிந்தால், போட்டு முடித்த பிறகு கீழிருந்து மேலாக ஒவ்வொரு கண்ணியின் ஓரத்தையும் மெதுவாக இழுத்து விரித்துவிடுங்கள். நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும், இல்லையென்றால் மொத்தமும் குலைந்துவிடும். அதே சடை இரண்டு மடங்கு பருமனாகத் தெரியும்.

பழகுவதை மட்டும் காலை அவசரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். மாலையில் அவள் எதையாவது படித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். வலித்தால் சொல்லச் சொல்லுங்கள். பத்து நாளில் கை பழகிவிடும்.

குளித்த மறுநாளே உச்சியில் எண்ணெய் வழிகிறது, நுனியோ வைக்கோல் மாதிரி இருக்கிறது. தினமும் ஷாம்பு போட்டால் முடி கொட்டுமா? வயது 15.

கொட்டாது. பருவ வயதில் ஹார்மோன்கள் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டிவிடுகின்றன. நேரான முடியில் வளைவு இல்லாததால் அந்த எண்ணெய் தடையில்லாமல் இறங்கும், அதனால் பிசுக்குச் சீக்கிரம் தெரியும். ஆனாலும் நீளமான முடியின் நுனிவரை அது போய்ச் சேராது. நுனிமுடி மூன்று நான்கு ஆண்டுகள் பழையது. அதனால்தான் அங்கே வறட்சி.

மென்மையான ஷாம்புவை உச்சந்தலைக்கு மட்டும் போடு. அலசும்போது வழியும் நுரையே நுனிக்குப் போதும். தேவைப்பட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள், வியர்த்தால் தினமும். நேரமில்லாத காலையில் முன்நெற்றி முடியை மட்டும் கழுவிக் காயவைத்தாலும் புத்துணர்ச்சியாக இருக்கும். தண்ணீர் இல்லாமல் போடும் டிரை ஷாம்பு எண்ணெயை உறிஞ்சும், ஆனால் தலையைச் சுத்தம் செய்யாது. வாரத்தில் ஓரிரு நாளுக்கு மேல் அதை நம்ப வேண்டாம். நெற்றியில் சின்னச் சின்னப் பருக்கள் வந்தால், முடிக்குப் போடும் எண்ணெயும் சீரமும் அங்கே வழிகிறதா என்று பார். சீப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை கழுவு.

கர்லிங் அயர்னில் சுருட்டினால் வாசலைத் தாண்டுவதற்குள் நேராகிவிடுகிறது. அதனால் 230 டிகிரி வைக்கிறேன். சரியா? (16 வயது)

தயவுசெய்து குறைத்துவிடு. மெல்லிய முடிக்கு 150 டிகிரி செல்சியஸ் போதும், தடித்த முடிக்குக்கூட 180-ஐத் தாண்ட வேண்டிய அவசியமில்லை. சுருள் கலைவது சூடு போதாததால் அல்ல, ஆறுவதற்குள் தொங்கவிடுவதால்தான். இழை சூடாக இருக்கும்வரை பிணைப்புகள் இறுகுவதில்லை. அயர்னிலிருந்து எடுத்ததும் சுருளைக் கையில் ஏந்தி, அப்படியே உச்சியோடு சேர்த்து கிளிப் போட்டுவிடு. பத்து நிமிடம் ஆறட்டும். எல்லாம் ஆறிய பிறகு ஒன்றாகக் கழற்று. ஒரு கற்றை விரல் பருமனுக்கு மேல் வேண்டாம்.

அயர்ன் வைக்கும் முன் முடி முழுவதும் காய்ந்திருக்க வேண்டும். ஈர முடியில் வைத்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி இழைக்குள் குமிழிகளை உண்டாக்கும், அந்த இடத்தில் முடி ஒடியும். "சுர்" என்று சத்தம் கேட்டாலே நிறுத்திவிடு. சூட்டிலிருந்து காக்கும் ஸ்ப்ரேயைப் போட்டால் அது காயும் வரை பொறு. ஹேர் ஸ்ப்ரே தீப்பற்றக்கூடியது, அதனால் அயர்னை அணைத்து வைத்த பிறகுதான் அது. காற்றில் ஈரப்பதம் அதிகமான நாளில் எந்தச் சுருளும் நிற்காது, அன்றைக்குப் பின்னல் போட்டுக்கொள்.

மகள் நிரந்தரமாகச் சுருட்டிவிடச் சொல்கிறாள். 15 வயதில் பெர்மிங் செய்யலாமா?

நான் என்றால் இன்னும் சில ஆண்டுகள் பொறுக்கச் சொல்வேன். தண்ணீரும் சூடும் தொடாத டைசல்ஃபைடு பிணைப்புகளை ரசாயனத்தால் உடைத்து வேறு வடிவில் சேர்ப்பதுதான் பெர்மிங். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நேராகவே வளரும். ஆறு மாதத்தில் மேலே நேராகவும் கீழே சுருளாகவும் இரண்டு முடி மாதிரி தெரியும். பிடிக்கவில்லை என்றால் வெட்டுவது தவிர வழியில்லை. ப்ளீச் செய்த முடியாக இருந்தால் எந்த வயதிலும் வேண்டாம். ஆசை தணியாவிட்டால், மேலே சொன்ன துணிப் பெல்ட் முறையை ஒரு மாதம் செய்து பார்க்கட்டும். சுருள் முடியோடு தினமும் வாழ அவளுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

மகன் தோளுக்குக் கீழே முடி வளர்த்திருக்கிறான், 17 வயது. முகத்தில் விழுந்துகொண்டே இருக்கிறது.

இதே வழிமுறைகள்தான் அவனுக்கும். மேல்பாதியை மட்டும் எடுத்துப் பின்னால் ஒரு சிறு முடிச்சாகக் கட்டிக்கொள்ளட்டும். எட்டு பத்து வாரத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டச் சொல்லுங்கள், வெடித்த நுனியை எந்த சீரமும் ஒட்டவைக்காது.

தினமும் இறுக்கமாகத் தூக்கிக் கட்டுகிறேன், அப்போதுதான் அடர்த்தியாகத் தெரிகிறது. இப்போது காதோரம் முடி குறைந்த மாதிரி இருக்கிறது. பயமாக இருக்கிறது.

நேரத்தோடு கவனித்துவிட்டாய். தொடர்ந்து இழுபடும் இடத்தில் வேர் பலவீனமாகி முடி உதிரும். ஆரம்பத்திலேயே இழுப்பதை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வளரும், ஆண்டுக்கணக்கில் விட்டால் வளராமலே போகலாம். இன்றிலிருந்து தளர்வான பின்னலோ, நண்டுக் கொடுக்கு மாதிரி கவ்விப் பிடிக்கும் பெரிய கிளா கிளிப்போ போதும். கட்டிய பிறகு புருவம் இழுபட்டாலோ தலை வலித்தாலோ அது இறுக்கம்தான், உடனே அவிழ்த்துவிடு. தூங்கும்போது உயரக் கட்டாதே.

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் நடப்பது. நீளமான முடி என்பதால் தரையில் அதிகமாகத் தெரியும். கடும் காய்ச்சலுக்குப் பிறகோ, சாப்பாட்டை வெகுவாகக் குறைத்த பிறகோ இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக உதிர்வதும் உண்டு. ஆனால் வகிடு அகலமாகிக்கொண்டே போனாலோ, வட்டமாகச் சொட்டை தெரிந்தாலோ, களைப்பும் சேர்ந்து இருந்தாலோ தோல் மருத்துவரிடம் போக வேண்டும். இரும்புச்சத்துக் குறைவோ தைராய்டு கோளாறோ இருந்தால் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். காதோரத்தை ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் மாதம் ஒரு படம் எடுத்து வை. மூன்று மாதத்தில் அங்கே குட்டை முடி முளைக்கவில்லை என்றால், அந்தப் படங்களோடு மருத்துவரைப் பார்.