மெயில் சர்வர், பிளாக்லிஸ்ட் – கடிதம்

அன்புள்ள சார்,

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் இருக்கிறேன். படித்தது பி.காம். கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்பதால், பழைய சிஸ்டம் அட்மின் வேலையை விட்டுப் போனதும் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எங்களுக்குச் சொந்த மெயில் சர்வர், ஆபீசிலேயே இருக்கிறது: உபுண்டு லினக்ஸ், மெயிலை அனுப்பி வாங்கப் போஸ்ட்ஃபிக்ஸ், மெயில்பாக்ஸுக்கு டவ்காட். அறுபது மெயில்பாக்ஸ் இருக்கும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஜெர்மனி பையர் வாட்ஸப்பில் ‘உங்கள் மெயில் எதுவும் வரவில்லை’ என்றார். பார்த்தால் எங்கள் ஐபி, அதாவது சர்வரின் இணைய எண், ஸ்பேம் (குப்பை மெயில்) அனுப்பும் சர்வர்களைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் பட்டியலில் இருக்கிறது. அவர்கள் தளத்தில் விண்ணப்பித்து எடுத்தேன். இரண்டு நாளில் மறுபடி ஏறிவிட்டது. மறுபடி எடுத்தேன், மறுபடி ஏறியது. வெளியே போகக் காத்திருக்கும் கியூவில் எந்நேரமும் ஆயிரக்கணக்கில் மெயில் நிற்கிறது. மொத்தமாக அழித்தால் ஆபீஸ் மெயிலும் சேர்ந்து போகிறது, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் சண்டைக்கு வருகிறார்கள். யூடியூப் பார்த்து எஸ்பிஎஃப், டிகிம் என்ற இரண்டு மெயில் சரிபார்ப்பு முறைகளையும் போட்டேன். ஒன்றும் மாறவில்லை. முதலாளி, ‘எல்லாத்தையும் கூகுளுக்கு மாத்திடு, தலைவலி விட்டது’ என்கிறார். மாற்றினால் சரியாகிவிடுமா? லாகையும் (சர்வர் எழுதி வைக்கும் பதிவேடு) கான்ஃபிக் ஃபைல்களையும் இணைத்திருக்கிறேன்.

பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒன்று. நீங்கள் அனுப்பிய கான்ஃபிக் ஃபைலில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அப்படியே இருந்தது. இனி யாருக்கும் அப்படி அனுப்பாதீர்கள், எனக்கும்தான். அதையும் கீழே சொல்லப்போகிற மற்ற பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிட்டதாக நீங்கள் எழுதிய பிறகே இதை வெளியிடுகிறேன்.

பட்டியலிலிருந்து ஐபியை எடுப்பது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் அதில் ஆரம்பித்திருக்கிறீர்கள். உள்ளேயிருந்து ஸ்பேம் போய்க்கொண்டிருக்கும்வரை எத்தனை தடவை எடுத்தாலும் அது ஏறத்தான் செய்யும்.

யார் அனுப்புகிறார்கள் என்பது உங்கள் லாகிலேயே இருக்கிறது. உங்கள் சர்வர் வழியாக வெளியே போகும் மெயில் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து உள்ளே வந்துதான் போகிறது. போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயரை ‘சாசல் யூசர்நேம்’ என்று, ஒவ்வொரு மெயிலுக்கும் அது தரும் கியூ ஐடிக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கும். அந்த வரிகளை மட்டும் கிரெப் என்ற தேடல் கமாண்ட் போட்டு எடுத்து, பெயர்வாரியாக எண்ணிப் பார்த்தேன். மெர்ச்சண்டைசர்கள் ஆளுக்கு ஐம்பது, நூறு என்று அனுப்பியிருக்கிறார்கள். ஒரே ஒரு பெயர் மட்டும் ஒரே இரவில் பதினோராயிரத்தைத் தாண்டியிருக்கிறது: ‘ஸ்கேன்’. ஆபீஸ் ஜெராக்ஸ் மிஷினில் ஸ்கேன் செய்தால் மெயிலில் வருவதற்காக யாரோ எப்போதோ உருவாக்கிய அக்கவுண்ட். பாஸ்வேர்டு என்னவாக இருந்தது என்று நீங்கள் பிறகு எழுதினீர்கள், அதை இங்கே சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. ஜெராக்ஸ் மிஷின் ராத்திரி இரண்டு மணிக்கு நான்கு நாடுகளிலிருந்து லாகின் செய்யாது.

இப்படி ஆளில்லாத அக்கவுண்டுகள்தான் எப்போதும் முதலில் போகும். ஸ்கேன், இன்ஃபோ, டெஸ்ட், வேலையை விட்டுப் போன மெர்ச்சண்டைசரின் பெயர். யாரும் அந்த மெயில்பாக்ஸைத் திறந்து பார்ப்பதில்லை என்பதால் திரும்பி வந்து குவியும் பவுன்ஸ்களும் யார் கண்ணிலும் படாது.

தவறாக லாகின் செய்ய முயலும் ஐபிகளைத் தடுக்கும் ஃபெயில்டுபேன் போட்டிருந்தும் ஸ்பேம்காரன் எப்படி உள்ளே வந்தான் என்று பிறகு கேட்டிருந்தீர்கள். ஒரே ஐபியிலிருந்து திரும்பத் திரும்பத் தப்பாக முயன்றால்தான் அது பிடிக்கும். இப்போது ஆயிரம் ஐபிகளிலிருந்து ஆளுக்கொரு முறை முயல்கிறார்கள். போட்டு வையுங்கள், ஆனால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

அடுத்த முறை இப்படி நடந்தால் கியூவை அழிக்காதீர்கள். போஸ்ட்சூப்பர் கமாண்டில் மொத்தத்தையும் ஹோல்டில் போடுங்கள். கியூவில் நிற்பது எதுவும் வெளியே போகாது, எதுவும் தொலையாது. பிறகு அந்த அக்கவுண்டின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: பாஸ்வேர்டை மாற்றினாலும் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட கனெக்‌ஷன் தானாக அறுந்துவிடாது. டவ்காட்டில் அந்த யூசரைக் கிக் செய்து (வெளியே தள்ளி), போஸ்ட்ஃபிக்ஸை ஒரு முறை நிறுத்தி ஏற்றுங்கள். அப்புறம் அந்த ஒரு பெயரில் வந்தவற்றையும், அனுப்புநர் இடம் காலியாக இருக்கும் பவுன்ஸ்களையும் மட்டும் அழித்துவிட்டு மிச்சத்தை விடுவியுங்கள். லாக் ஒரு நாள் சுத்தமாக ஓடிய பிறகு ஸ்பாம்ஹாஸுக்குப் போகலாம். அங்கே பணம் எதுவும் கேட்க மாட்டார்கள். பணம் கொடுத்தால் உடனே எடுத்துத் தருகிறேன் என்று வருகிறவர்களுக்குப் பதில்கூட எழுத வேண்டாம்.

ஸ்கேனருக்கு இனி பாஸ்வேர்டே வேண்டாம். அதன் உள் ஐபி ஒன்றுக்கு மட்டும், அதுவும் உங்கள் டொமைனுக்குள் மட்டும் அனுப்ப அனுமதி கொடுத்தால் போதும். ஒரு யூசர் மணிக்கு இத்தனை மெயில்தான் அனுப்பலாம் என்ற வரம்பையும் போடுங்கள். ஆர்ஸ்பாம்டி என்ற ஸ்பேம் வடிகட்டியில் அதற்கு வசதி உண்டு.

எஸ்பிஎஃப்பும் டிகிமும் போட்டு ஏன் ஒன்றும் மாறவில்லை என்பதற்கு வருகிறேன். 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய, மெயில் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி விதிமுறையில், அனுப்புகிறவர் தன்னை யார் என்று சொல்கிறாரோ அதை அப்படியே நம்ப வேண்டியதுதான். ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சிக்கூடங்களுக்கு இடையில் ஓடிய கடிதப் போக்குவரத்து அது. பிற்பாடு சேர்த்த ஒட்டுப்போடல்கள்தான் இவையெல்லாம். இந்த டொமைன் பெயரில் எந்த ஐபி அனுப்பலாம் என்று சொல்வது எஸ்பிஎஃப். மெயிலில் டொமைனின் கையெழுத்தைப் போடுவது டிகிம். இரண்டும் தவறினால் என்ன செய்வது என்று எதிராளிக்குச் சொல்வது டிமார்க். வெளியிலிருந்து உங்கள் பெயரில் பொய்யாக அனுப்புகிறவனை இவை தடுக்கும். உங்கள் ஸ்பேமோ உங்கள் சர்வரிலிருந்தே, முறையாக லாகின் செய்து போயிருக்கிறது. நீங்கள் புதிதாகப் போட்ட டிகிம் அந்தப் பதினோராயிரத்துக்கும் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறது.

அதற்காக எடுத்துவிடாதீர்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்ப எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். ஒரு நாளில் தனிநபர் ஜிமெயில் முகவரிகளுக்கு 5000 மெயில் அளவில் அனுப்புகிறவர்களுக்கு டிமார்க்கோடு சேர்த்து மூன்றும் வேண்டும். ஒரு முறை அந்த எண்ணிக்கையைத் தொட்டால் கூகுளின் பார்வையில் நிரந்தரமாக மொத்த அனுப்புநர்தான். ஸ்கேன் அக்கவுண்டின் புண்ணியத்தில் நீங்களும் அதில் சேர்ந்திருக்கலாம். உங்கள் டிஎன்எஸ்ஸில் (டொமைனின் விவரங்கள் பதிந்திருக்கும் இடம்) எஸ்பிஎஃப் ரெக்கார்டு இரண்டு இருக்கிறது, பழையதும் நீங்கள் போட்டதும். ஒன்றுதான் இருக்க வேண்டும், இரண்டிருந்தால் இரண்டுமே செல்லாது. ஐபியை வைத்துப் பெயரைச் சொல்லும் ரிவர்ஸ் டிஎன்எஸ் உங்கள் இன்டர்நெட் கம்பெனிக்காரர் வைத்த பெயரிலேயே இருக்கிறது. அதை அவர்களிடம்தான் எழுதிக் கேட்டு மாற்ற வேண்டும்.

இனிதான் நான் சொல்ல வந்தது. ஸ்பேம் அனுப்பியவன் உங்களுக்கு ஒரு வகையில் நல்லதுதான் செய்திருக்கிறான். சத்தம் போட்டான், பட்டியலில் ஏற்றினான், உங்களை லாகைத் திறக்க வைத்தான். அதே லாகில் இன்னொருவன் இருக்கிறான். அவன் ஒரு மெயில்கூட அனுப்பவில்லை. உங்கள் அக்கவுண்ட்ஸ் மெயில்பாக்ஸுக்கு வாரநாட்களில் தவறாமல் வெளிநாட்டு ஐபி ஒன்றிலிருந்து ஐமேப் (மெயில்பாக்ஸைத் திறந்து படிக்கும் வழி) லாகின். வருகிறான், படிக்கிறான், போகிறான். அன்றே உங்களுக்குத் தனியாக எழுதினேன். தேடிப் பார்த்து நீங்கள் கண்டுபிடித்த அந்த ஃபில்டர், இன்வாய்ஸ், பேங்க், ஸ்விஃப்ட் என்ற சொற்கள் வரும் மெயில்களுக்கெல்லாம் வெளியே ஒரு முகவரிக்கு நகல் அனுப்பிக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்திருந்தால், திருடன் பரணில் உட்கார்ந்திருக்க வாசல் கதவைப் பூட்டிய கதைதான்.

ஏற்றுமதி நிறுவனத்தில் இவன் எதற்குக் காத்திருக்கிறான் என்று உங்களுக்கே தெரியும். ஷிப்மெண்ட் போய், பையர் பணம் அனுப்பப்போகும் வாரத்தில், உங்கள் பழைய மெயில் தொடரை அப்படியே ஒட்டி, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று பையருக்கு ஒரு மெயில் போகும். டொமைன் உங்களுடையதைப் போலவே இருக்கும். ஆங்கிலத்தில் ‘எம்’ வர வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் நெருக்கிப் போட்டிருப்பான், போனில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அந்த டொமைனுக்கு அவன் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் சுத்தமாக வைத்திருப்பான். உங்கள் டிமார்க் அவனை ஒன்றும் செய்யாது. சின்னக் கம்பெனிகள்தான் ஏமாறும் என்று நினைக்க வேண்டாம். லிதுவேனியாவைச் சேர்ந்த எவால்தாஸ் ரிமசாஸ்காஸ், தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர் நிறுவனம் போல நடித்து, போலி இன்வாய்ஸ்களை வைத்தே கூகுளிடமும் ஃபேஸ்புக்கிடமும் 10 கோடி டாலருக்கு மேல் கறந்தார். 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் ஐந்தாண்டு சிறை கொடுத்தது.

இதற்கு சர்வரில் மருந்து கிடையாது. வங்கிக் கணக்கு மாறியதாக எங்களிடமிருந்து மெயில் வந்தால், மெயிலில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று எல்லாப் பையர்களுக்கும் முதலாளியே போனில் சொல்ல வேண்டும். நீங்கள் நூல், டையிங், சரக்குக் கட்டணம் என்று பணம் கொடுக்கும் பக்கத்திலும் இதே வழக்கம் வர வேண்டும். பணம் போய்விட்டால் யோசிக்காமல் வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் கூப்பிடுங்கள், அதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

முதலாளி விரும்பமாட்டார், ஆனாலும் இதையும் சொல்ல வேண்டும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவுப்படி, இப்படி ஊடுருவல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். உபுண்டுவில் பழைய லாகுகளை அழிக்கும் லாக்ரொட்டேட் தானாக நான்கு வாரம்தான் வைத்திருக்கும். அதனால்தான் அந்த ஐமேப்காரன் எப்போது முதன்முதலில் வந்தான் என்று நம்மால் சொல்ல முடியவில்லை. அந்த நான்கு வாரக் கணக்கை இன்றே மாற்றுங்கள், லாகுகளின் நகல் ஒன்று வேறொரு மிஷினுக்கும் போகட்டும்.

இனி முதலாளியின் கேள்வி. மாற்றலாம் என்பதுதான் என் கருத்து. சொந்த சர்வர் வைத்திருப்பதில் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு, ஆனால் அறுபது மெயில்பாக்ஸுக்கு வேறு வேலைகளுக்கு நடுவில் ஒரே ஆள் காவல் இருப்பது நடக்கிற காரியமில்லை. 2021 மார்ச் 2 அன்று தன் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வரின் பெரிய ஓட்டைகளுக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிட்டது நினைவிருக்கலாம். பேட்ச் போட ஒரு வாரம் தாமதித்தவர்களில் பலர், அதற்குள் சர்வரில் யாரோ வெப்ஷெல் (வெளியிலிருந்து சர்வரை இயக்கும் பின்வாசல்) வைத்துவிட்டுப் போயிருந்ததைக் கண்டார்கள். நீங்கள் லீவில் இருக்கும் வாரத்தில் இப்படி ஒன்று வந்தால் உங்கள் ஆபீசில் பார்க்க ஆள் இல்லை.

ஆனால் கூகுளுக்கு மாறினாலும் டிஎன்எஸ் உங்களுடையதுதான், பாஸ்வேர்டுகளும் உங்கள் ஆட்களுடையவைதான். இரட்டைச் சரிபார்ப்பை முதல் நாளே எல்லோருக்கும் கட்டாயமாக்குங்கள். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று முதலாளிக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் முதலில் போவது அவருடைய அக்கவுண்டாகத்தான் இருக்கும். ஸ்கேனரும், மெயில் அனுப்பும் உங்கள் ஈஆர்பி சாஃப்ட்வேரும் எதன் வழியாக அனுப்பப்போகின்றன என்பதையும் மாற்றுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

ஷிப்மெண்ட் நெருக்கடி இல்லாத ஒரு வாரக்கடைசியாகப் பாருங்கள். மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்று டிஎன்எஸ்ஸில் சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டின் டிடிஎல்லை, அதாவது மற்றவர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, இரண்டு நாள் முன்பே 300 விநாடியாகக் குறைத்துவிடுங்கள். மாற்றிய பிறகும் பழைய சர்வரை ஒரு வாரமாவது ஓட விடுங்கள். பழைய டிஎன்எஸ்ஸைப் பிடித்துக்கொண்டிருக்கும் சில சர்வர்கள் அங்கேதான் வந்து இறக்கிவிட்டுப் போகும், அந்த மெயில்களைக் கடைசியாக ஒரு முறை, மெயில்பாக்ஸை நகலெடுக்கும் ஐமேப்சிங்க் ஓட்டிப் புதிய இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.