வளர்ப்புப் பிராணிகள்: கேள்வி – பதில்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. சுகர் கிளைடர் ஒன்று சட்டைப் பொக்கற்றுக்குள் இருந்து எட்டிப் பார்க்கிற வீடியோவைப் பார்த்த நாளில் இருந்து "ஒன்று வாங்கித் தாங்கோ அம்மா" என்று ஒரே பிடிவாதம். அவளின் அப்பா, பறக்கிற அணிலுக்கு ஏன் இவ்வளவு காசு என்கிறார். வாங்கலாமா?
– ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: முதலில் அப்பாவுக்குச் சொல்லுங்கள், அது அணிலே இல்லை. அவுஸ்திரேலியா, நியூகினிப் பக்கத்துக் காடுகளில் வாழும், கங்காருவுக்குச் சொந்தக்காரப் பிராணி. 16 நாளில் அரிசிமணி அளவில் பிறக்கிற குட்டி தானாக ஊர்ந்து தாயின் வயிற்றுப் பைக்குள் போய், இரண்டு மாதத்துக்கு மேல் அங்கேயே இருந்து வளரும். பறப்பதும் இல்லை, முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையில் இருக்கிற தோலை விரித்து, வாலால் திசை பிடித்து, 50 மீற்றர் வரை காற்றில் சறுக்கும். இத்தனைக்கும் எடை பெரும்பாலும் 150 கிராம்கூட வராது.

மகள் ஆசைப்பட்டதில் பிழையே இல்லை, எனக்கும் பார்க்கப் பார்க்க அலுக்காது. ஆனால் அது ஏன் பொக்கற்றுக்குள் ஒண்டுகிறது என்று யோசித்தீர்களா? காட்டில் ஒரு மரப்பொந்துக்குள் ஒரு குடும்பமே ஒட்டிப் படுத்துத் தூங்கும், ஆண் தன் நெற்றியைத் தேய்த்து எல்லோருக்கும் ஒரே மணத்தைப் பூசிவிடும், அந்த மணத்தை வைத்துத்தான் தன் ஆட்களை அறியும். அதற்கு உங்கள் பொக்கற் ஒரு பொந்து, உங்கள் மணம்தான் குடும்பம். அதனால் ஒன்றை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். தனியாக விட்டால் ஏங்கிப்போய்த் தன் உரோமத்தைத் தானே பிடுங்கும், வாலைக் கடிக்கும். குறைந்தது இரண்டு வேண்டும்.

அப்புறம், அது இரவுப் பிராணி. மகள் பள்ளிக்கூடம் போகும் நேரம் தூங்கும், அவள் படுக்கப் போகும் நேரம் எழும்பிக் குரைக்கும், ஆமாம், சின்ன நாய்க்குட்டி மாதிரியே. நன்றாகப் பார்த்தால் 10, 12 வருடம் இருக்கும். மகள் ஏ.எல். எடுத்து, கம்பஸ் போய், வேலைக்கும் போன பிறகு இரவில் எழும்பிச் சாப்பாடு வைக்கப்போவது யார்? நீங்கள்தான் அம்மா.

சாப்பாட்டில்தான் பலர் பிழை விடுகிறார்கள். பழம் மட்டும் கொடுத்தால் கல்சியம் குறைந்து பின்கால்கள் இழுத்துக்கொள்ளும். காட்டில் மரப்பிசின், பூந்தேன், பூச்சி எல்லாம் தின்கிற பிராணி அது. இந்தப் பிராணியைப் பார்த்துப் பழகிய மிருக வைத்தியர் ஒருவர் கிடைக்கிறாரா என்று முதலில் தேடுங்கள், விற்பவரிடம் இறக்குமதி அனுமதிப் பத்திரம் கேளுங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வேண்டாம்.

கேள்வி: சரி, இரண்டு என்றால் ஆணும் பெண்ணுமாக வாங்கலாமா?

பதில்: குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். ஆணுக்குக் கருத்தடை செய்யுங்கள், அல்லது ஒன்றாக வளர்ந்த இரண்டு பெண்களாக எடுங்கள்.