கேள்வி – பதில்: புதிய பயிற்றுநருக்கு எவ்வளவு காலம்?

கேள்வி: சேர், எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணி முன்பு மாகாண மட்டம் வரை போனது. அந்தப் பொடியள் உயர்தரம் முடித்துப் போய்விட்டார்கள். புதிய பயிற்றுநர் வந்து ஒரு வருடமாகிறது; வலய மட்டத்திலேயே தோற்றுவிட்டோம். அவர் தரம் 8, 9 பிள்ளைகளோடுதான் மினக்கெடுகிறார். ஆளை மாற்றும்படி பழைய மாணவர் சங்கம் அதிபரிடம் கேட்கலாமா?
– பழைய மாணவர், கிளிநொச்சி

பதில்: கேட்காதீர்கள். குறைந்தது மூன்று வருடம் விடுங்கள். இன்று தரம் 9 இல் நிற்கும் பிள்ளை உயர்தர வகுப்புக்கு வர அவ்வளவு காலம் வேண்டும். மூத்தவர்கள் போனபோது அவர்களுக்குப் பின்னால் ஆள் இல்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அந்த இடைவெளியைத்தான் அவர் கீழிருந்து நிரப்புகிறார்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துக்கு 1980 இல் மைக் ஷிஷெவ்ஸ்கி பயிற்றுநராக வந்தார். முதல் மூன்று பருவங்களில் 38 வெற்றி, 47 தோல்வி. 1983 இல் வேர்ஜீனியா பல்கலைக்கழக அணியிடம் 109க்கு 66 என்று வாங்கிக் கட்டியதும், ஆளைத் தூக்கு என்று ஆதரவாளர்கள் நெருக்கினார்கள். விளையாட்டுத்துறைப் பணிப்பாளர் டொம் பட்டர்ஸ் அசையவில்லை. அடுத்த வருடம் ஒப்பந்தத்தை நீட்டினார். அந்தத் தோல்விப் பருவத்தில் முதலாம் வருட மாணவர்களாக இருந்த ஜொனி டோகின்ஸ், மார்க் அலாரி போன்றவர்கள்தான் 1986 இல் அணியை இறுதியாட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். முதல் தேசியக் கிண்ணம் 1991 இல் வந்தது. 2022 இல் ஓய்வுபெறும்போது அவர் கையில் ஐந்து கிண்ணங்கள்.

அவராவது நாடு முழுக்கத் தேடிப் பிள்ளை பிடிக்கலாம். உங்கள் பயிற்றுநருக்கு வட்டக்கச்சியிலும் தருமபுரத்திலும் இருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைகள்தான். கடைசி பஸ்ஸுக்கு முன் விட்டாக வேண்டும். மாரி தொடங்கினால் திறந்த சீமெந்துத் தரையில் கார்த்திகை, மார்கழி அநேகமாக வீண்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இருங்கள் என்று சொல்லவில்லை. ஒரு பின்னேரம் போய் மைதானத்து ஓரத்தில் நின்று பாருங்கள். வலக்கைப் பிள்ளை இடக்கையால் லேஅப் (ஓடிவந்து வளையத்துக்குக் கிட்டப் பந்தைப் போடுவது) போடப் பழகுகிறதா? பந்து பறிபோனதும் ஐந்து பேரும் திரும்பி ஓடுகிறார்களா, இரண்டு பேர் இடுப்பில் கைவைத்து நிற்கிறார்களா? ஃப்ரீ த்ரோவை, அதாவது எதிரணி தவறு செய்தால் தடுப்பார் இல்லாமல் எறியக் கிடைக்கும் எறியை, பிள்ளைகள் களைத்த பிறகு போடவிடுகிறாரா? ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டுதானே எறிய வேண்டும். போன தவணை வந்த சின்னப் பிள்ளைகள் இன்னும் வருகிறார்களா? இதெல்லாம் நடந்தால் வலயத் தோல்வியைத் தாங்குங்கள். சங்கத்திடம் காசு இருந்தால் பந்து வாங்கிக் கொடுங்கள். ஒரு பந்தைப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டு நின்றால் எந்தப் பயிற்றுநராலும் ஏலாது.

பிள்ளைகளுக்கு அடிக்கிறார், கேவலமாகப் பேசுகிறார் என்றால் கதை வேறு. அதற்கு ஒரு நாளும் பொறுக்க வேண்டாம், அன்றே அதிபரிடம் போங்கள்.

கேள்வி: புதிய சேர் வந்ததிலிருந்து பக்கவாட்டில் கால் நகர்த்தத்தான் விடுகிறார். எப்போது ஷூட் பண்ண விடுவார்?
– தரம் 9 மாணவன், முல்லைத்தீவு

பதில்: விடுவார் தம்பி. அந்தக் கால்தான் தடுப்பாட்டம். அது இல்லாதவனை ஆட்டத்தில் இறக்கவே ஏலாது. பயிற்சி முடிந்ததும் சேரிடம் கேட்டுப் பந்தை வாங்கு. வளையத்துக்குக் கிட்ட நின்று ஒரு கையால் போட்டுப் பழகு. இப்போதே தூரத்தில் இருந்து எறியத் தொடங்கினால் பலம் காணாமல் தோளால் தள்ளுவாய், பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும் பாடு.