ரிசல்ட் வருவதற்கு முன்பே கக்குவான் இருமல் என்று வீட்டுக்கு ஏன் வருகிறார்கள்?

கேள்வி கேட்டவர் புதுச்சேரிக்காரர். கைக்குழந்தைக்கு விடாத இருமல், ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குச்சி விட்டு சாம்பிள் எடுத்தார்கள், ரிசல்ட் வரும் முன்பே நர்ஸும் ஆய்வாளரும் வாசலில் வந்து நின்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைக் கேட்கிறார்கள், தெருவே ஒரு மாதிரி பார்க்கிறது என்கிறார். நான் கடலூர் மாவட்டத்தில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அப்படி வாசலில் நின்று நிறைய திட்டு வாங்கியிருக்கிறேன்.

கக்குவான், தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) இரண்டையும் சந்தேகம் வந்த உடனேயே டாக்டர்கள் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்துவிட வேண்டும். ரிசல்ட்டுக்குக் காத்திருந்தால் நாள் ஓடிவிடும். அதுவும் மெடிக்கல் ஷாப்பில் நாலு நாள் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் சாம்பிளில் கிருமி வளராமலே போகலாம், அதற்காக நோய் இல்லை என்று ஆகிவிடாது. ஒருமுறை டாக்டர் டார்ச் அடித்து, தொண்டை அடைப்பான் வந்த ஒரு பையனின் தொண்டையைக் காட்டினார். பாலாடை அழுக்கேறின மாதிரி சாம்பல் நிறப் படலம், குச்சியால் தொட்டால் நகரவில்லை, ஓரத்தில் ரத்தம் கசிந்தது. அந்தப் படலத்தைப் பார்த்த பிறகு யாரும் லேப் பேப்பருக்காக உட்கார்ந்திருக்க மாட்டார்கள், விஷமுறிவு மருந்துக்குத்தான் ஓடுவார்கள்.

சரி, வீட்டுக்கு எதற்கு? முள்ளோடையைத் தாண்டினால் கடலூர் மாவட்டம், இந்தப் பக்கம் பாகூர். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும் நடக்கும். ஆஸ்பத்திரி எந்த ஊரில் இருந்தாலும் நோயாளி குடியிருக்கும் ஊர்க் கணக்கில்தான் நோய் சேரும், அதனால் புதுச்சேரியில் சேர்த்த ஒரு மூன்று மாதக் குழந்தையின் பேர் ரெட்டிச்சாவடி பக்கத்து முகவரியோடு எங்களுக்கு வந்தது. போய்க் கதவைத் தட்டினால் மாமியார், "இங்க ஏதுங்க குழந்தை? மருமக பிரசவத்துக்குப் போனவ இன்னும் தாய் வீட்டுலதான இருக்கா" என்றார். ஆஸ்பத்திரியில் புருஷன் வீட்டு முகவரியைச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எங்கள் நர்ஸம்மா அங்கே ஊசி போட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தார், அந்தப் பக்கத்து நர்ஸம்மா விருந்தாளிக் குழந்தை, ஊருக்குப் போய்ப் போட்டுக்கொள்ளும் என்று விட்டிருக்கிறார். ஆறாவது வாரத்தில் போட வேண்டிய முதல் பென்டாவே (கக்குவான், தொண்டை அடைப்பான் உள்பட ஐந்து நோய்களுக்கான ஊசி) போடவில்லை. அந்தத் தாய் வீட்டில் தாய்மாமன் ஒருத்தன், ப்ளஸ் ஒன் படிக்கிறவன், மூன்று வாரமாக இருமிக்கொண்டிருந்தான். அவனுக்கு அது வெறும் இருமல். சின்ன வயதில் போட்ட ஊசியின் பலம் வருஷமாக ஆகக் குறையும், ஆனாலும் பெரிய பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள், கைக்குழந்தைக்கு இருமும்போதே மூச்சு நின்றுவிடலாம். வீட்டில் எல்லோருக்கும் மருந்து கொடுத்து, தெருவில் அட்டை பார்த்ததில் ஊசி விட்டுப்போன பிள்ளைகள் இன்னும் சிலர் கிடைத்தார்கள். இதெல்லாம் எந்த லேப் ரிப்போர்ட்டிலும் வராது.

நோய் இல்லாத வாரத்தில் "பூஜ்யம்" என்று எழுதி அனுப்புவதும் எங்கள் வேலைதான். கேலி செய்வார்கள். காலியாக விட்டால் நோய் இல்லையா, ஆள் பார்க்கவில்லையா என்று தெரியாது. ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-ல் வந்தது. அப்போது எல்லாம் காகிதப் படிவம், 2021 முதல் போர்ட்டல். தனியார் கிளினிக்குகள் அப்போதும் சரியாக அனுப்பியதில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

நிமோனியா விஷயம் வேறு. நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் என்ற கிருமிக்கு ஒவ்வொரு வீடாக வர மாட்டார்கள், குறிப்பிட்ட சில ஆஸ்பத்திரிகளில் ரத்தமும் தண்டுவட நீரும் எடுத்து எந்த வகைக் கிருமி என்று பார்ப்பார்கள். சுமார் நூறு வகை இருக்கிறது, 2021-ல் தமிழ்நாட்டில் அரசு போட ஆரம்பித்த பிசிவி என்ற நியூமோகாக்கஸ் தடுப்பூசி அதில் சிலவற்றைத்தான் தடுக்கும், மீதி வகைகள் தலைதூக்குகிறதா என்று பார்க்கத்தான் அந்தப் பரிசோதனை.

தெரு பார்ப்பதை விடுங்கள். வந்தவர்களிடம் கடைசி மூன்று வாரம் குழந்தை எந்தெந்த வீட்டில் இருந்தது, அங்கே யாருக்காவது இருமல் இருந்ததா என்று சொல்லுங்கள். அட்டை உங்கள் அம்மா வீட்டு பீரோவில் கிடந்தால் இன்றைக்கே எடுத்துவரச் சொல்லுங்கள்.